ஷிர்வான் கோழிகள்

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்குப் புத்தி சொல்ல ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு. காலையில் எழுந்து நடங்கள் என்பார்கள். யோகா என்பார்கள். காசி, ராமேஸ்வரம் என்பார்கள். எங்கள் பிளாக்கில் ஒருவர் நாய் வளர்க்கச் சொன்னார், தானே குட்டி பிடித்துத் தருவதாகவும் சொன்னார். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். கம்பளத்தின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஷபானாவிடம் சொல்வேன். நாய் சமாச்சாரத்தையும் சொன்னேன். இது வெளியே தெரிந்தால் அடுத்தபடியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வழி சொல்வார்கள் என்பதால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அது தொழுகைக் கம்பளம். ஓர் ஆள் நின்று, குனிந்து, மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைப்பதற்கு அளவானது. கருநீலத் தரை, ஓரமெல்லாம் செங்கல் சிவப்பு, ஒரு முனையில் வாசல் போலக் கோணம் கோணமாக ஒரு வளைவு. அந்த வளைவு மேற்கே இருக்கும்படி விரித்து, அதற்குள் நெற்றியை வைத்துத் தொழ வேண்டும். காக்கசஸ் மலைப்பக்கம், ஷிர்வான் என்ற இடத்தில் யாரோ வீட்டில் உட்கார்ந்து கையால் நெய்தது. வளைவுக்கு மேலே நெய்தவள் வருஷத்தையும் முடிச்சுப் போட்டிருந்தாள். அது அரபி எண் என்பதே எனக்குத் தெரியாது. ஷபானாதான் விரல் வைத்துப் படித்து, விரலாலேயே கணக்குப் போட்டு, நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று சொன்னாள்.

வளைவுக்குக் கீழே கோழிகள் இருந்தன. விற்றவன் அவை மயில் என்று சத்தியம் செய்தான். எனக்குத் தெரியாதா, கோழிதான்.

நான் சதாசிவம். சொந்த ஊர் மன்னார்குடி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்து டவுன்ஷிப்பில் குடியிருந்து, அணு ஆராய்ச்சிக் கூடத்தின் பம்புகளோடு முப்பது வருஷம் மாரடித்தவன். கல்யாணமே வேண்டாம் என்று நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமல்லபுரம் போய் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்வேன். அந்த பூத்தில் பில் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஷபானா. கோவளத்துக்காரி. "உங்க அம்மா ஒரே கேள்விய எத்தினி வாட்டி கேப்பாங்க? சீக்கிரம் ஒரு பதில சொல்லுங்களேன்" என்றாள் ஒருநாள். அம்மா கேட்டது என் கல்யாணத்தைப் பற்றி. கண்ணாடிக் கதவைச் சாத்தியும் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பதிலை அவளிடமே சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். இரண்டு வீட்டிலும் எங்களைத் தலைமுழுகினார்கள். என் அம்மா போனை எடுப்பதை நிறுத்தினாள். ஷபானா வீட்டில் அவள் அக்கா ஜரீனாவும் ஜரீனாவின் புருஷன் கரீம் பாயும் மட்டும் எப்போதாவது வந்து போனார்கள். கோவளத்து வீட்டை விட்டு வந்தபோது அம்மாவுக்காகக்கூட அவ்வளவு அழவில்லை, கொல்லையில் வளர்த்த கோழிகளுக்காகத்தான் அழுதேன் என்று ஷபானா சொல்வாள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. நான் கேட்டுப் பார்த்தேன். எஸ்டேட் ஆபீசில் சிரித்தார்கள்.

1990 கடைசியில் என்னைச் சில மாதங்களுக்கு ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். சோவியத் யூனியன் இருந்தது, கடைகளில்தான் ஒன்றும் இல்லை. கூட வந்தவர்கள் கேமரா, இஸ்திரிப் பெட்டி என்று அலைந்தார்கள். நான் மாஸ்கோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய், பனியில் நின்றுகொண்டு, காதருகே இரண்டு கையையும் தூக்கித் தொழுவது போல் நடித்துக் காட்டினேன். ஆட்டுத்தோல் குல்லாய் போட்ட ஒரு தங்கப்பல்காரன் புரிந்துகொண்டு கட்டை அவிழ்த்தான். ஒன்றில் வெறும் பூ, ஒன்றில் வெறும் கட்டம், ஒன்றில் கோழி. வேறு எதையும் நான் புரட்டிப் பார்க்கவில்லை. கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டுச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரு பொருளை அவ்வளவு நிச்சயமாக நான் வாங்கியதே இல்லை.

வீட்டில் பிரித்து விரித்தபோது ஷபானா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கோழி!" என்றாள்.

"ஆமா, உனக்குன்னே தேடிப் பிடிச்சேன்."

"எவ்ளோ அழகா கீது! எங்க வூட்டுக் கோழி மாரியே தலய ஆட்டிகினு கீது பாருங்க." ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அதை விரித்து, மேலே என்னுடைய பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடி, அதன் மேல் நின்று தொழுதாள். அன்றிலிருந்து எப்போதும் அப்படித்தான். விலையுயர்ந்த பொருள் தேய்ந்துவிடக் கூடாதென்று பார்க்கிறாள், எத்தனை சமர்த்து என்று நான் மெச்சிக்கொண்டேன். ஆபீசில் சொன்னேன். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு வேட்டியை விலக்கிக் கோழிகளைக் காட்டினேன்.

2003-இல் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி, அப்புறம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, அப்புறம் ஒன்றும் இல்லை. கரீம் பாய் ஜமாத்தில் யார் யார் காலையோ பிடித்து அவளைக் கோவளத்திலேயே அடக்கம் செய்ய இடம் வாங்கினார். நான் எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தேன். கரீம் பாய்தான் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டுபோய் மண் போடச் சொன்னார். அவளுடைய துணிமணிகளை ஜரீனா எடுத்துக்கொண்டு போனாள், இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காக. கம்பளத்தை மட்டும் நான் தொட விடவில்லை.

அதன் மேல் வேட்டி இல்லாமல் அது கிடந்ததை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வளைவுக்குள், நெற்றி படுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் தேய்ந்து நூல் தெரிந்தது. கீழே முழங்கால் படுகிற இடத்தில் இரண்டு பள்ளங்கள். ஒரு மனுஷி தினமும் ஐந்து வேளை பன்னிரண்டு வருஷம் குனிந்து குனிந்து உண்டாக்கிய தேய்மானம். மண்ணுக்குள் போனது போக அவளில் மிச்சம் இருப்பது இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன். போட்டோவில் அவள் போட்டோக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறாள். புடவை இல்லை, செருப்பு இல்லை. இந்த மூன்று பள்ளங்கள்தான். காலையில் எழுந்ததும் அவற்றில் கை வைப்பேன். இருக்கிறாளா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரிதான். இருந்தாள்.

மறு வருஷம் ரிட்டயர் ஆனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். கம்பளத்தை எப்படிக் கட்டி எடுத்துப்போவது என்று மாமல்லபுரத்தில் காஷ்மீர்க்காரர் ஒருவருடைய கடையில் கேட்டேன். வெயிலில் போட்டு, ரோமம் படிந்த பக்கமாகவே பிரஷ்ஷால் வாரி, வேப்பிலை வைத்துச் சுருட்டுங்கள் என்றார். விற்கிற எண்ணம் உண்டா என்றும் கேட்டார். நான் பார்த்த பார்வையில் டீ சொல்ல எழுந்து போய்விட்டார்.

பிளாக்கின் மொட்டை மாடியில் ஒரு காலை வேளை விரித்துப் போட்டு, மண்டியிட்டு வார ஆரம்பித்தேன். அடி முனையிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்தேன். ஓர் இடத்தில் என் இரண்டு முழங்காலும் பழைய செருப்பில் பாதம் நுழைகிற மாதிரி அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துவிட்டன. சிரிப்புத்தான் வந்தது. வளைவுக்குள் வாருவதற்காகக் குனிந்தேன். என் நெற்றி நேராக அந்தத் தேய்ந்த இடத்துக்கு மேலே வந்து நின்றது.

நான் ஆறடி. ஷபானா என் மார்பளவு.

அங்கே மண்டியிட்டபடியே இருந்தேன். பள்ளத்தில் முழங்காலை வைத்து அவள் குனிந்திருந்தால் நெற்றி வளைவுக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்காது, கோழி வரிசையில்தான் பட்டிருக்கும். அந்த வரிசையில் ரோமம் புதுசு போல அடர்த்தியாக இருந்தது. அதோடு, வேட்டித் துணிக்கு மேலே தொழுத ஒருத்தியின் நெற்றியும் முழங்காலும் கம்பளத்தை நூல் தெரிகிற வரைக்கும் தேய்க்குமா? ஓர் இன்ஜினியர் இதைக் கேட்டுக்கொள்ள வெயிலில் மண்டியிட வேண்டியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக, முன்பின் தெரியாத, செத்துப்போன, உயரமான ஒரு ஷிர்வான்காரனிடம் என் குடும்பக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவனுடைய முழங்காலைத் தினமும் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன்.

அப்படியானால் அவள் எங்கே? சாவு வீட்டில்கூட எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. அப்போது அவள் போய்விட்டாள் என்பது மட்டும்தான். இப்போது அவள் இருந்தாளா என்பதே சந்தேகமாகிவிட்டது.

கம்பளத்தைச் சுருட்டி ஒரு போர்வையில் கட்டினேன். மாமல்லபுரம் போய் பஸ் மாறி, கோவளத்தில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மீனவர்களுக்கு ஐஸ் விற்கிற கரீம் பாய் வியாபாரம் முடிந்து, லுங்கியோடு ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

"வா சகல. இன்னாத்த தூக்கிகினு வர்ற இந்த வெயில்ல?"

ஜரீனா உள்ளேயிருந்து சொம்போடு வந்தாள். அவள் என்னை எப்போதும் 'ஸார்' என்றுதான் கூப்பிடுவாள். தங்கை புருஷன் என்று சொல்ல ஆரம்பத்தில் வாய் வரவில்லை, அப்புறம் அதுவே பழகிவிட்டது. நான் தண்ணீரைக்கூட வாங்காமல் கட்டை அவிழ்த்து அவர்கள் நடுவீட்டில் கம்பளத்தை விரித்தேன்.

"ஜரீனாம்மா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. ஷபானா இதுல தொழுதாளா இல்லையா?"

அவள் கம்பளத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இதுலயா? இதுல கோழி கீதே ஸார்."

"கோழி இருந்தா என்ன?"

"உசுரு கீறதோட உருவம் எதுவும் முன்னால இருக்கக் கூடாது ஸார் தொழும்போது. கோழி மூஞ்சில எப்டிக் கொண்டுபோயி நெத்திய வெக்கறது?"

கரீம் பாய் பொங்கி வந்த சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. "கோச்சிக்காத சகல. அந்த ஊர்க்காரன் தொழுதிருக்கான், நல்லாத் தெரியுது. அவன் ஊர்ல இன்னா வழக்கமோ. நம்ம பக்கம் ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப அந்த வேட்டி?"

"கோழிய மறைக்கத்தான்" என்றாள் ஜரீனா. "நீங்க வூட்ல இருந்தா கம்பளத்தப் போட்டு அது மேல வேட்டி. நீங்க இல்லாங்காட்டி வெறும் தரையில வேட்டி. அதுவும் அவ துணியோட துணியா போச்சு, யாருக்குக் குடுத்தேன்னு கூட ஞாபகம் இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "பன்னெண்டு வருஷம்! பன்னெண்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல. வர்றவன் போறவன்கிட்டெல்லாம் காட்டிப் பீத்திக்கிட்டு நின்னேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல? என்னைப் பாத்தா அவளுக்குப் பைத்தியக்காரனா தெரிஞ்சுதா?"

"எப்டி ஸார் சொல்லுவா? அம்மாந்தூரம் போயி, எத்தினியோ கீற எடத்துல, இவளுக்குக் கோழி புடிக்கும்னு இத்தப் பொறுக்கிகினு வந்தீங்க. அந்த மூஞ்சியப் பாத்து இது ஒதவாதுன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வர்லக்கான்னு சொல்லிச் சொல்லி சிரிப்பா."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா. வேற இன்னா பண்ணுவா?"

நான் எழுந்தேன். கம்பளத்தைக் காலாலேயே சுருட்டினேன். அப்படிச் செய்யக் கூடாதுதான், அந்த நேரத்தில் கை அதைத் தொடக் கூசியது. "சரி. அவளுக்கு இது ஒண்ணுமில்ல. எனக்கும் ஒண்ணுமில்ல. போற வழியில அந்தக் காஷ்மீர்க்காரன் கடையில எறிஞ்சுட்டுப் போறேன்."

ஜரீனா குறுக்கே வந்து கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா ஸார் பேசறீங்க? தொழலன்னுதான் சொன்னேன். ஒண்ணுமில்லன்னு நா சொன்னனா? பொழுதன்னிக்கும் இதும் மேலயேதான் குந்திகினு இருந்தா அவ. நீங்க அந்தாண்ட வேலைக்குப் போனதும் இத்த இழுத்துகினு போயி முன்னால ரூம்புல ஜன்னலாண்ட போட்டுக்குவா. அங்கயே நாஸ்தா, அங்கயே காய் அரியறது. கோழிங்களுக்குப் பேரு வெச்சிருந்தா. நான் வந்தாலே, வாக்கா, இதுங்கதான் எங்க வூட்டு ஜனம்னுவா. நீங்க வர்ற நேரத்துக்குப் பழையபடி எடத்துல கொண்டாந்து போட்டுடுவா."

"கோழிகளோட பேசுவாளா?"

"வேற யாரோட பேசுவா?"

"ஏன், அக்கம்பக்கத்துல இல்லையா? ஜெகதாம்பாளம்மா வருவாங்க. எதிர் வீட்டுல வருவாங்க. எல்லாரும் நல்லவங்கதான்."

"நல்லவங்கதான் ஸார், யாரு இல்லன்னது? வாசப்படியாண்ட நின்னுகினு நல்லாத்தான் பேசுவாங்க. உள்ள வாங்கன்னா வேல கீதும்பாங்க. தண்ணி குடுத்தா இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்னுவாங்க. பன்னெண்டு வருஷம் அவ வூட்டு டம்ளர யாரும் தொடல. ஒருத்தரும். உங்களுக்குத் தெரியாது?"

எனக்குத் தெரியாது. கரீம் பாய் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஷிஃப்ட் முடிந்து வருவேன், அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பாள், தட்டு வைப்பாள், பம்பு எப்படி மக்கர் பண்ணியது என்று கேட்பாள், நான் சொல்வேன். நாள் முழுக்க எங்கெங்கேயோ இருக்கிற மனுஷர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்து, அவர்கள் பேச்சைக் கேட்டுப் பழகியவள். அவளுக்கு ஒரு பேச்சு வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நான் போய்ச் சண்டை போட்டிருப்பேன், அப்புறம் வாசற்படி வரைக்கும் வந்தவர்களும் வராமல் போயிருப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை. இது எனக்குப் புரிய ஐந்து நிமிஷம் பிடித்தது. புரிந்தபோது அழுதுவிட்டேன். ஜரீனா எழுந்து, கம்பளத்தைச் சரியாகச் சுருட்டி, போர்வையில் கட்டி என் மடியில் வைத்தாள்.

"சாப்ட்டுப் போங்க ஸார்" என்றாள். சாப்பிட்டேன். தண்ணீரும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் முட்டுக்காட்டிலிருந்து வந்த கும்பல் ஒன்று கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே வீட்டில், ஒரே கம்பளத்திடம், அவள் இருந்த காலத்தில் அவள் பேசியிருக்கிறாள், அவள் போன பிறகு நான் பேசியிருக்கிறேன். நடுவில் பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம். அப்போது பேசியதெல்லாம் பம்பைப் பற்றித்தான். அவளைத் திட்டலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. என்னைத் திட்டிக்கொண்டேன், அதிலும் ஒன்றும் ஆறவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஜெகதாம்பாளம்மா கேரியரோடு நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். ஷபானா போனதிலிருந்து வாரத்தில் பாதி நாள் எனக்கு ரசமும் கூட்டும் அவர் வீட்டிலிருந்துதான் வரும். பூட்டைத் திறந்தேன். பின்னாலேயே உள்ளே வந்து, கேரியரை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"எங்க போயிட்டீங்க சார் இவ்வளவு நேரம்? நானும் வந்து வந்து பாத்துட்டுப் போறேன். அப்பா, என்ன வெயில்! கொஞ்சம் தண்ணி குடுங்க."

கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தார். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல மனுஷி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"இதே டம்ளர்தாம்மா" என்றேன். "அவ இருந்தப்ப ஒரு தடவை குடிச்சிருக்கலாம்."

அவர் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார், அது மறுப்பு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப தோணலைங்க" என்றார் கடைசியில், சின்னக் குரலில். கேரியரை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று எழுந்து போனார்.

நான் முன் அறைக்குப் போய்க் கம்பளத்தை ஜன்னலோரம் விரித்தேன். எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று அவள் எப்படிப் போட்டிருப்பாள்? திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வளைவு அறைக்குள் இருக்கும்படி, அடி முனை ஜன்னலுக்கு வரும்படி போட்டபோது, ஜன்னல் பக்க மூலையில், வரிசையை விட்டுத் தனியாக நிற்கிற ஒரு கோழி கண்ணில் பட்டது. அதன் முதுகில் மட்டும், ஒரு விரல் அகலத்துக்கு, ரோமம் வழுவழுவென்று படிந்து கிடந்தது. முழங்காலுக்கு அங்கே வேலை இல்லை. நெற்றிக்கும் இல்லை. யாரோ சும்மா உட்கார்ந்து தடவிக்கொண்டே இருந்திருந்தால்தான் அப்படி ஆகும்.

அதன் பக்கத்தில், தரையோடு தரையாக, காலை மடக்கி உட்கார்ந்தேன். என் விரலும் தானாக அதன் மேல் போயிற்று.

எங்கள் ஜன்னல் முழங்கால் உயரத்தில் தொடங்குவது. வெளியே பூவரச மரம் ஒன்று கிளையைத் தாழ விட்டுக்கொண்டு நிற்கிறது. நின்றுகொண்டு பார்த்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாலும் இலைதான் தெரியும், இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்தது அந்த இலை மட்டும்தான். அவளுடைய இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் கிளைக்குக் கீழே ஓர் இடைவெளி இருக்கிறது. அதில் கடல் தெரியவில்லை, எதிர் வீடு தெரியவில்லை. ரோட்டு வளைவில் ஷிஃப்ட் பஸ் வந்து நிற்கிற இடம் மட்டும் தெரிகிறது.

நான் எத்தனை மணிக்கு வந்து பெல் அடித்தாலும் உடனே கதவு திறந்துகொள்ளும். அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

சாயங்காலம் பஸ் வந்தது. கதவு திறந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். ஒருவர் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டார், இரண்டு பேர் நின்று ஏதோ பேசிச் சிரித்தார்கள். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசி ஆளும் இறங்கி, பஸ் காலியாகக் கிளம்பிப் போனது.

நான் இறங்கவில்லை.